பின்லாந்துக்காரரின் கருத்து

ஒரு மழைக்காலம் முழுக்க என் மாமா எங்கள் வீட்டுப் பின்னறையில் ஒரு டிராகனைக் கொல்லப் பாடுபட்டார். அதற்கு அவரிடம் இருந்தவை ஒரு மைக்கும் ஒரு லேப்டாப்பும்தான். கதவில் இரண்டு கம்பளிகளை ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தார். சுவர் முழுக்க முட்டை அட்டைகளை ஒட்டியிருந்தார். இத்தனை செய்தால் சத்தம் வெளியே போகாது என்பது அவர் நம்பிக்கை. எதிர்வீட்டு அத்தையோ என்னைத் தெருவில் பார்க்கும்போதெல்லாம், "ஒங்க மாமனுக்கு வயித்து வலி தேவலையா?" என்று கேட்பார்.

மாமா என்பது அம்மாவின் தம்பி. கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படித்தபோது, கூடப் படித்த நான்கு பேரோடு சேர்ந்து ஒரு பவர் மெட்டல் பேண்ட் ஆரம்பித்தவர். பேண்டின் பெயரைச் சொன்னாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை, அதனால் விட்டுவிடுகிறேன். பவர் மெட்டல் என்றால் அன்றைக்கு எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: டிரம்ஸ் தலைதெறிக்க ஓடும், அதைப் பிடிக்கக் கிட்டார்கள் பின்னால் ஓடும், இதற்கெல்லாம் மேலே ஒருவர் உச்சக்குரலில் வாளையும் அரசனையும் டிராகனையும் பற்றி ஆங்கிலத்தில் பாடுவார். அந்த ஒருவர்தான் மாமா.

முதல் ஆல்பத்தை ஐந்து பேரும் ஹாஸ்டலில் ஒரே அறையில் அடைந்து கிடந்து பதிவு செய்தார்களாம். இணையத்தில் போட்டதும் எங்கெங்கிருந்தோ ஆட்கள் கேட்டுவிட்டுக் கருத்து எழுதினார்களாம். அதன்பிறகு படிப்பு முடிந்தது. நான்கு பேருக்கு வேலை கிடைத்து ஆளுக்கொரு ஊருக்குப் போய்விட்டார்கள். மாமா போடிக்கு, எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். இரண்டாவது ஆல்பத்தை அவரவர் ஊரில் அவரவர் பங்கை வாசித்து அனுப்ப, மாமா பின்னறையில் அதன்மேல் பாடிக்கொண்டிருந்தார்.

எனக்கு அப்போது பதினோரு வயது. மேலே மலையில் அப்பா ஒரு ஏலக்காய்த் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். காய் பறிப்பு ஆரம்பித்துவிட்டால் அப்பாவும் அம்மாவும் அங்கேயே தங்கிவிடுவார்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஜீப்பில் இறங்கி, திங்கட்கிழமை விடியும் முன் ஏறிவிடுவார்கள். நடுவில் உள்ள நாட்களுக்கு என்னைப் பார்த்துக்கொள்ள மாமா, மாமாவைப் பார்த்துக்கொள்ள நான் என்று ஏற்பாடு. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீட்டில் பேச ஆள் இருக்காது. கதவுக்கு அந்தப் பக்கம் அவர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாடுவார். இந்தப் பக்கம் கூடத்தில் நான் கணக்குப் போடுவேன். இசையைக் கேட்க அவரிடம் ஹெட்போன் இருந்தது. எனக்குக் கேட்டதெல்லாம் அவர் குரல் மட்டும்தான்.

சாப்பாட்டு நேரத்தில்தான் வெளியே வருவார். முட்டை தோசை ஊற்றிக் கொடுத்துவிட்டு, மற்ற நாட்டு பேண்டுகளின் இரண்டாவது ஆல்பத்தைப் பற்றிக் கேட்டவர்கள் எழுதியிருப்பதை எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டுவார். எல்லாம் வசவுதான். ஒன்பது நிமிடப் பாட்டை நான்கு நிமிடத்தில் முடித்திருக்கலாம் என்று ஒருவர். முதல் ஆல்பத்தில் பசி இருந்தது, இதில் ஏப்பம்தான் இருக்கிறது என்று இன்னொருவர்.

"ரெண்டாவதுதான் ஆத்தா கஷ்டம்" என்பார் மாமா. "மொத தடவ எவனும் எதையும் எதிர்பாக்கல. ரெண்டாவத, மொதலோட பக்கத்துல வச்சுப் பாப்பான்."

இந்தப் பாட்டுகளை உயிராகக் கேட்கிறவர்கள் பின்லாந்தில்தான் அதிகம் என்றும் சொல்லியிருந்தார். அங்கே பாதி வருஷம் இருட்டாம். ஆட்கள் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்கார்ந்து கேட்பார்களாம். எனக்கு அந்த நாடு பக்கத்துத் தெரு போலப் பட்டது.

அந்த ஆல்பத்தில்தான் எல்லாம் இருந்தது. அப்பா மாமாவிடம் கெடு வைத்திருந்தார். "இந்தத் தடவ நாலு பேரு கேட்டுட்டு நல்லாருக்குன்னு சொல்லட்டும் மாப்ளே, நான் வாயத் தொறக்கல. இல்லன்னா எங்கூட மலைக்கு வந்துரு, அங்க சோலி கெடக்கு." மாமா சரி என்று சொல்லிவிட்டார். அவர் மலைக்குப் போய்விட்டால் கூடத்தில் நான் மட்டும்தான் இருப்பேன் என்பதை யாரும் பேசவில்லை. நான் அதை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன்.

எட்டுப் பாட்டில் மூன்றாவதுதான் அவரைப் படுத்தி எடுத்தது. டிராகனின் மேல் கடைசி வெட்டு விழும் இடத்தில் குரல் ஒரே மூச்சில் மேலே ஏற வேண்டும். பாதி ஏறும்போது மூச்சு தீர்ந்துவிடும். ஒரு நாள் விடாமல் ஏழெட்டு நாள் ஏறிப் பார்த்தார். கடைசியில் ஒருநாள் கதவைத் திறந்துகொண்டு வந்து, வேர்த்த முகத்தோடு என் எதிரே உட்கார்ந்தார்.

"ரெண்டு துண்டாப் பாடி ஒட்டிட்டேன். எவனுக்கும் தெரியாது" என்றார். பிறகு, "கேட்டுக்கிட்டேதான இருக்க. எப்டி இருக்கு ஆத்தா?" என்று கேட்டார்.

நான் தோளைக் குலுக்கிவிட்டுக் கணக்கு நோட்டைப் பார்த்தேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது. அதைச் சொல்ல வேண்டுமானால் எங்கள் வீட்டு முன்னறையைச் சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் முன்னறைக்கு ஏலக்காய் வியாபாரிகள் வருவார்கள். அப்பா சாம்பிள் பொட்டலத்தைப் பிரித்துச் செய்தித்தாளில் கொட்டுவார். வந்தவர் நான்கு காயை விரலால் தள்ளிப் பார்ப்பார், ஒன்றைக் கடிப்பார், விதையைத் துப்புவார். "பச்சை பத்தலண்ணே. ஈரம் இருக்கு. சின்னக் காய் கலந்து கெடக்கு. ரெண்டாந்தரம்" என்று முகத்தைச் சுளித்துவிட்டு எழுந்து போய்விடுவார். அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார். கூப்பிடவும் மாட்டார். சாயங்காலம் அந்த ஆளே திரும்பி வந்து மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போவார். இதற்கு நேர்மாறாகச் சிலர் வருவார்கள். "அருமையான காய்ண்ணே, கண்ணுல ஒத்திக்கலாம்" என்பார்கள், டீயைக் குடித்துவிட்டுப் போவார்கள், அப்புறம் அந்தப் பக்கமே தலைகாட்ட மாட்டார்கள். நான் நடக்கப் பழகிய நாளிலிருந்து பார்த்தது இது. வேண்டும் என்கிறவர் குறை சொல்வார், வேண்டாம் என்கிறவர் புகழ்வார். குறை சொன்ன பிறகு இரண்டு தரப்பும் வாயைத் திறக்கக்கூடாது. முதலில் பேசியவர் இறங்கிப் போக வேண்டியதுதான். உலகத்தில் எல்லாப் பொருளும் இப்படித்தான் கைமாறுகிறது என்று நான் உறுதியாக நம்பினேன். மாமாவின் பாட்டை வாய்விட்டுப் புகழ்ந்து நானே அதைக் கெடுத்துவிட விரும்பவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை ஆல்பம் இணையத்தில் ஏறியது. அதற்கென்று ஒரு பக்கம். கேட்கிறவர் பெயரையும் ஊரையும் போட்டுக் கீழே கருத்து எழுதலாம். திங்கட்கிழமைக்குள் ஐந்து கருத்துகள் வந்திருந்தன. "செம மச்சி." "மிரட்டிட்ட." "வேற லெவல்." எல்லாம் பழைய கல்லூரி நண்பர்கள். மாமா அவற்றை ஒருமுறை பார்த்துவிட்டு லேப்டாப்பை மூடினார்.

"ஒருத்தனும் கேக்கல" என்றார்.

ஐந்து பேரும் டீ குடித்துவிட்டுப் போகிற ஆட்கள் என்பது எனக்கும் தெரிந்துவிட்டது. அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. நானும் பாதியில் எழுந்துவிட்டேன்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அங்கே உட்கார்ந்திருந்த அக்காவுக்கு என்னைத் தெரியும். ஸ்கூல் ப்ராஜெக்டுக்குப் படம் எடுக்க அடிக்கடி போகிற இடம்.

"என்ன ப்ராஜெக்ட்டு இன்னக்கி?"

"பின்லாந்துக்கா."

"அதெங்குட்டு இருக்கு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஒரு கம்ப்யூட்டரைக் காட்டினார்.

மூன்று பேராக எழுதினேன். பிரேசிலில் இருந்து ஒருவர், டிரம்ஸ் தகரக் கொட்டகையில் மழை பெய்கிறதுபோல இருக்கிறது என்றார். ஜெர்மனியில் இருந்து ஒருவர், கீபோர்டில் நிறம் பத்தவில்லை, சின்னச் சத்தங்கள் கலந்து கிடக்கின்றன என்றார். இரண்டும் வாத்தியங்களைக் கேட்காமல் எழுதியவை, எங்கள் முன்னறையிலிருந்து எடுத்துக்கொடுத்தவை. மூன்றாமவர் பின்லாந்துக்காரர். அவருக்கு மாமா என்றோ வாசித்துக் காட்டிய ஒரு பெயரை வைத்தேன். அவரிடம் மட்டும் எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் கொடுத்தேன். 'மூன்றாவது பாட்டில் டிராகனை வெட்டும் இடத்தில் பாடகருக்கு மூச்சு பத்தவில்லை. இரண்டு துண்டாகப் பாடி ஒட்டியிருக்கிறார். பலமுறை கேட்டேன். ஏழாவது பாட்டின் முடிவில் மெதுவாகப் பாடும் இடத்தை இன்னும் நீட்டியிருக்கலாம். இரண்டாந்தரம்.' ஆறாம் வகுப்பு ஆங்கிலத்தில் என்னால் முடிந்தது அவ்வளவுதான். அனுப்பிவிட்டு வீட்டுக்கு நடந்தேன். அதன்பிறகு அந்தப் பக்கத்தை நான் திறக்கவே இல்லை. குறை சொன்னவர் திரும்பிப் பார்க்கக்கூடாது.

அடுத்த நாள் நான் வீட்டுக்குள் நுழைந்தபோது பின்னறைக் கதவு திறந்தே கிடந்தது. மாமா லேப்டாப்பைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்தில் நடந்துகொண்டிருந்தார்.

"பின்லாந்துல ஒருத்தன் கேட்ருக்கான் ஆத்தா. முழுசாக் கேட்ருக்கான்."

"என்ன சொன்னாரு?"

"திட்டிருக்கான்" என்று சொல்லிவிட்டு மாமா சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் பார்த்து மாதக்கணக்காகியிருந்தது. "ஒட்டுன எடத்தக் கண்டுபிடிச்சுட்டான். எப்டிக் கண்டுபிடிச்சான்னுதான் தெரியல."

அன்று சாயங்காலம் என்னைப் பைக்கில் உட்காரவைத்து, மலை ஏறும் சாலை தொடங்குகிற முந்தல் வரைக்கும் கூட்டிப்போனார். மழை விட்டிருந்தது. செக்போஸ்ட் பக்கத்துக் கடையில் சூடாக வடை வாங்கித் தந்தார். மேலே போகிற ஜீப்புகளைப் பார்த்துக்கொண்டே, மூன்றாவது பாட்டைச் சத்தமில்லாமல் முணுமுணுத்தார். நான் வடையைத் தின்றபடி எனக்குள் சிரித்துக்கொண்டேன். சரக்குக்கு ஆள் வந்தாயிற்று, இனி மாமா எங்கும் போக வேண்டாம் என்று நினைத்தேன்.

அதற்கடுத்த நாட்களில் மாமா மூன்றாவது பாட்டைத் திரும்பவும் பாட ஆரம்பித்தார். ஒரே மூச்சில் ஏறிவிட வேண்டும் என்று. நடுநடுவே லேப்டாப் திறக்கும் சத்தம் கேட்கும், தட்டச்சு கேட்கும், பிறகு ஒன்றும் கேட்காது. ஒரு வாரம் போனது. இரண்டு வாரம் ஆயிற்று.

"பின்லாந்துக்காரர் என்ன சொன்னாரு மாமா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒண்ணுஞ் சொல்லல."

"பேசாம இருங்க மாமா. வருவாரு" என்றேன், அப்பாவின் தோரணையில். மாமா என் தலையில் கைவைத்துவிட்டு உள்ளே போனார்.

பாட்டுச் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. ஒரு சனிக்கிழமை அப்பாவும் அம்மாவும் இறங்கி வந்தபோது மாமா சுவரிலிருந்து முட்டை அட்டைகளை உரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாப்ளே, நாலு பேரு சொன்னாங்களா?" என்றார் அப்பா. கேலியாக இல்லை, மெதுவாகத்தான் கேட்டார்.

"மூணு பேரு சொன்னாங்க மச்சான்."

"நல்லாருக்குன்னா?"

"கேட்டுட்டுச் சொன்னாங்க" என்றார் மாமா.

திங்கட்கிழமை ஜீப்பில் மாமாவும் ஏறினார். அம்மா எனக்காகக் கீழே தங்கிக்கொண்டார். ஆனால் அவர் நினைப்பெல்லாம் மலையில்தான் இருந்தது. பின்னறையை எனக்குப் படிப்பதற்குக் கொடுத்தார்கள். சுவரில் பசை ஒட்டிய தழும்புகள் இருந்தன. பின்லாந்துக்காரர் வாயைத் திறக்காமல் இருந்தது முறைதான், மாமாதான் பொறுக்கவில்லை என்று அங்கே உட்கார்ந்து மாமாவின் மேல் கோபப்பட்டேன்.

இப்போது நான் சென்னையில் ஓர் அறையில் தனியாக இருக்கிறேன். மாமா போடியில் ஏலக்காய் வியாபாரி. காயைக் கடித்துத் துப்பிவிட்டு "ஈரம் இருக்கு" என்று முகம் சுளிப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்கிறார்கள். சில மாதங்களுக்கு முன், பேச ஆளில்லாத ஒரு விடுமுறை நாளில், அந்தப் பக்கத்தைத் தேடினேன். அப்படியே இருந்தது. பிரேசிலுக்கும் ஜெர்மனிக்கும் மாமா ஒரு வரியில் நன்றி சொல்லியிருந்தார். பின்லாந்துக்காரருக்குக் கீழே மட்டும் அவர் எழுதியவை ஒன்றன்பின் ஒன்றாக நின்றன.

முதலாவது: 'நீங்கள் சொன்னது உண்மை. அங்கே எனக்கு மூச்சு பத்தவில்லை. முழுவதும் கேட்டதற்கு நன்றி. ஏழாவது பாட்டை எந்த இடத்திலிருந்து நீட்டியிருக்கலாம்?' சில நாள் கழித்து: 'மூன்றாவதைத் திரும்பப் பாடுகிறேன். வந்ததும் முதலில் உங்களுக்குத்தான்.' அதற்கும் கழித்து: 'அங்கே இப்போது இருட்டா? இங்கே மழை. நீங்களும் தனியாகத்தான் கேட்பீர்களா?' கடைசியாக: 'நாளை மலைக்குப் போகிறேன். அங்கே சிக்னல் இருக்காது. நீங்கள் எழுதினால் என் பதில் தாமதமாகும், தவறாக நினைக்க வேண்டாம்.'

கடைசிக்கு முந்தையதில் இன்னும் சில வரிகள் இருந்தன. 'வீட்டில் நானும் என் அக்கா மகளும்தான். கதவுக்கு வெளியே உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறாள். இத்தனை நாளும் அவள் காதில் விழுந்துகொண்டேதான் இருக்கிறது, ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவளுக்குப் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன்.'

அவர் தேடியது வாங்க வருகிறவரை இல்லை, பேச ஒருவரை என்பது அந்தக் கணக்கு நோட்டின் முன் உட்கார்ந்திருந்தவளுக்குத் தெரியாது. எட்டுப் பாட்டும் அவளுக்கு அப்போதே மனப்பாடம்.