முருகையன் மிதித்த வெண்டைப் பாத்தி

வினோதினிக்குக் கொஞ்ச நாளாகவே சோறு இறங்கவில்லை. மரக்காணத்தில் அவள் வேலை பார்க்கும் அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு அக்ரி குரூப் ஒன்று உண்டு. உப்பளத்துக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள்தான் அதில் அதிகம். அதற்குச் சர்க்கார் கொடுக்கிற பணத்தைத் தொடர்ந்து கொடுக்கலாமா, நிறுத்திவிடலாமா என்று பார்க்கத்தான் சென்னையிலிருந்து அதிகாரி வருகிறார். பணம் நின்றால் குரூப்பே போச்சு. அவளே அந்தக் குரூப்பில் படித்து, காலேஜுக்குப் போய், அதே பள்ளிக்கு டீச்சராக வந்தவள். பயப்படாமல் என்ன செய்வாள்?

அவர் வருவதற்கு முந்தின நாள் சாயந்திரம் அப்பாவிடம் புலம்பித் தீர்த்தாள். "ஸ்கூல் தோட்டம் பளிச்சுன்னு இருக்கணும்பா. அவரு கண்ணு மொதல்ல அதுலதான் விழும்."

அப்பா முருகையன் காலமெல்லாம் உப்பளத்தில் உழைத்தவர். பேச்சு குறைவு, கை மட்டும் சும்மா இருக்காது. "நீ ஏம்மா கவலப்படுற, போய்ப் படு" என்றார்.

காலையில் பள்ளிக்குப் போய்ப் பார்த்தால், அடக் கடவுளே! பிள்ளைகள் வெண்டை விதை ஊன்றி, மண்ணைப் பொலபொலவென்று விட்டிருந்த பாத்தி முழுக்க சிமெண்டுத் தரை மாதிரி இறுகிக் கிடக்கிறது. ஓரத்தில் முருகையன், முழங்கால்வரை சேறும் சிரித்த முகமுமாக நிற்கிறார். விடிந்ததும் வாட்ச்மேனைக் கேட்டைத் திறக்கச் சொல்லி, தண்ணீர் தெளித்துத் தெளித்து மிதித்திருக்கிறார். உப்பு விளைய அப்படித்தான் தரையைக் கெட்டியாக்குவார்கள். மனுஷனுக்கு அதுதானே தெரியும்!

"என்னப்பா பண்ணி வச்சிருக்கே!" என்று கத்த வாயெடுத்தாள். அதற்குள் ஜீப் உள்ளே வந்துவிட்டது.

அதிகாரி பாத்தியைப் பார்த்து, "இது என்னம்மா, ஷட்டில் கோர்ட்டா?" என்றார். ஹெட்மாஸ்டர் ராஜவேல் அவளை முறைத்தார். முருகையனோ முன்னால் வந்து, ஒரு குடம் தண்ணீரை அதன்மேல் ஊற்றியே காட்டினார்.

"பாருங்க சார், ஒரு சொட்டு உள்ள எறங்காது! நான்தான் மிதிச்சேன்."

அதிகாரி, சுற்றி நின்ற பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "இதுல வெண்டை வருமா? யாராச்சும் சொல்லுங்க."

"வராது சார்" என்றாள் பிளஸ் ஒன் படிக்கிற தமிழ்நிலா, பட்டென்று. "காத்து போவாது, தண்ணி எறங்காது. வெதை உள்ளயே அழுகிடும். மறுபடியும் கொத்தி, எருவு போட்டு, புதுசா ஊனணும்."

"உப்புக்குத்தான் சார் மிதிக்கணும், செடிக்கு மிதிக்கக் கூடாது!" என்று மற்றதுகளும் சேர்ந்துகொண்டன. ஒரே சிரிப்பு. அதிகாரியும் சிரித்துவிட்டார்.

"பிள்ளைங்க நல்லாத்தான் படிச்சிருக்குது. பணம் தொடரணும்னு நான் எழுதிடறேன்மா."

போன உயிர் திரும்பி வந்தது. அந்த நிம்மதியில் வினோதினியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே திரும்பியபோதுதான் அப்பாவைப் பார்த்தாள். வெறும் குடத்தை இடுப்பில் அணைத்துக்கொண்டு, தலை குனிந்தபடி சுவரோரமாக ஒதுங்கி நின்றார்.

ஜீப் போனதும் அவரிடம் ஓடினாள். ஒரு வார்த்தை சொல்வதற்குள் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"அதான் பணம் வரும்னு சொல்லிட்டாரே, இன்னாத்துக்கும்மா அழுவுற?" என்றார் முருகையன். "மம்பட்டி எங்க இருக்குது சொல்லு. கொத்தி வுட்டுட்டுப் போறேன்."