பூட்டிய திரையில் தெரிந்த பெயர்

சிங்கப்பூரில், ஞாயிற்றுக்கிழமை என்றால் வசந்தகுமாரியை அவருடைய ஈசூன் வீட்டில் பார்க்க முடியாது. ஃபேரர் பார்க்கில், அண்ணனுடைய கைபேசிக் கடையின் ஓரத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். தமிழில் தட்டெழுத அவரே உருவாக்கிய விசைப்பலகைச் செயலியைக் கப்பல் பட்டறை ஆட்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று அவர்கள் விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருவர் ஓர் எழுத்தில் தடுமாறினால் போதும், அடுத்த வாரம் அந்த எழுத்து இடம் மாறியிருக்கும். அப்படியொரு பிடிவாதம்.

அந்தச் செயலிக்குத்தான் ஆபத்து வந்தது. பெரிய கைபேசி நிறுவனம் ஒன்று தன் புதிய போன்களில் சொந்தத் தமிழ் விசைப்பலகையைச் சேர்த்தே விற்றது. அதை நீக்க முடியாது. வசந்தகுமாரியுடையதைப் பதிவிறக்கினாலோ, ‘நீங்கள் தட்டுவதையெல்லாம் இது திருடக்கூடும்’ என்று சிவப்பில் ஓர் எச்சரிக்கை. பாதிப் பேர் அதைப் பார்த்தே ஓடிவிட்டார்கள். வசந்தகுமாரி வணிகப் போட்டி விசாரணைக் குழுவிடம் முறையிட்டார். வியாழக்கிழமை விசாரணை. தோற்றால் செயலியை மூட வேண்டியதுதான்.

அந்த ஞாயிறு, பட்டறையில் வேலை செய்யும் அறைத்தோழர்கள் கபிலனும் அங்கமுத்துவும் கடைக்கு வந்தார்கள்.

“அக்கா, இவன் போனைத் தொறக்காமலே இவன் ஆளு பேரைச் சொல்லட்டுமா?” என்றான் அங்கமுத்து.

“டேய், மானத்தை வாங்காதடா!” என்று கபிலன் போனைப் பிடுங்கப் போனான்.

அங்கமுத்து விடவில்லை. பூட்டிய திரையில் வந்திருந்த செய்திக்குப் பதில் எழுதுவதுபோல ‘அ’ என்று மட்டும் தட்டினான். நிறுவனத்தின் விசைப்பலகை மீதியைத் தானே நீட்டியது: அனுப்ரியா, பின்னால் நான்கு எண்கள். அங்கமுத்து விழுந்து விழுந்து சிரித்தான். கபிலனின் முகம் வெளுத்தது.

“அக்கா, அது என் பேங்க் பாஸ்வேர்டு.”

முதல் வேலையாக அதை மாற்ற வைத்தார் வசந்தகுமாரி. பிறகு கடையிலிருந்த புதிய போனில் சோதித்தார். அதிலும் அதே ஓட்டை: முன்பு தட்டிய கடவுச்சொல்லைப் பூட்டிய திரையிலேயே காட்டியது.

தொழில் கூட்டாளி ரஞ்சனுக்குச் சொன்னதும் அவர் துள்ளினார். “ஜெயிச்சாச்சு லா! வியாழக்கிழமை எல்லார் முன்னாடியும் காட்டுவோம். அதுவரைக்கும் வாயே தொறக்காதீங்க.”

“அதுக்குள்ள எவனாவது போனைத் தொலைச்சா?”

“இப்பவே சொல்லிட்டா நம்ம கம்பெனியே தொலைஞ்சிடும், வசந்தா!”

“தொலைஞ்சா நமக்கு வேற வேலை கிடைக்கும், ரஞ்சன். இவங்க பொழைப்பே அந்த போனுக்குள்ளதான் இருக்கு.”

அன்று மாலையே நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவுக்கு எழுதினார். மர்யம் என்ற அதிகாரி பதில் போட்டார். எல்லாப் போன்களையும் சரிசெய்ய இரண்டு வாரமாகும், அதுவரை வெளியே சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். வசந்தகுமாரி வாக்குக் கொடுத்தார்.

வியாழனன்று நிறுவன வழக்கறிஞர் வெளுத்து வாங்கினார். “எங்களுடையதுதான் பாதுகாப்பானது, அதனால்தான் சேர்த்தே தருகிறோம். குறை உண்டென்றால் இவர் காட்டட்டும்.”

ரஞ்சன் மேசைக்கடியில் வசந்தகுமாரியின் காலை இடித்தார்.

“குறை உண்டு. இன்றைக்குக் காட்ட மாட்டேன்” என்றார் வசந்தகுமாரி. “காட்டினால் திருடர்கள் கற்றுக்கொள்வார்கள். என் பலகையிலும் தப்பு வரலாம். வந்தால் ஆட்கள் அதைத் தூக்கிப்போட்டுவிட்டு வேறொன்றுக்குப் போவார்கள். இவர்கள் பலகையை நீக்கிவிட்டுப் போக வழியில்லை. அந்த வழியைத்தான் கேட்கிறேன்.”

“ஆதாரம் இல்லை என்பதைத்தான் இப்படிச் சொல்கிறார்” என்று வழக்கறிஞர் சிரித்தார்.

அவருக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் எழுந்தார். “நான் மர்யம், பாதுகாப்புப் பிரிவு. ஓட்டை உண்மை. இவர் ஞாயிற்றுக்கிழமையே எங்களிடம் சொல்லிவிட்டார்.”

தீர்ப்பு வரும்வரை அந்தச் சிவப்பு எச்சரிக்கையை எடுத்துவிடச் சொன்னார் குழுத் தலைவர்.

வெளியே வந்ததும் ரஞ்சன் வாழ்த்தக் கை நீட்டினார். வசந்தகுமாரி அவரைத் தாண்டி மர்யமிடம் போனார்.

“உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாதே?”

“தெரியலக்கா. ஆபீஸ் போனாத்தான் தெரியும்.”

“அப்புறம் போகலாம். வாங்க, முதல்ல சாப்பிடுவோம்.”