பிடுங்க வராத காட்டுப் பட்டாணி

மலைச்சாலையில் விழும் கல்லையும் மண்ணையும் அள்ளிப்போடும் வேலை அவருக்கு. எல்லாரும் அவரைப் பட்டாணிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் வீட்டு அடுப்படிக்கு நேர்மேலே ஒரு மொட்டைச் சரிவு. மழை வந்தால் அங்கிருந்து கல் உருண்டு வரும். ஒருமுறை ஒரு கல் கூரையைப் பிய்த்துக்கொண்டு வந்து உலைப்பானையில் உட்கார்ந்தது. "விருந்தாளி வந்தாச்சு, தட்டு வைக்கவா?" என்றாள் மனைவி.

கடவுள் எதற்கும் ஒரு வழி வைக்காமல் விடமாட்டார். மேல்காட்டில் ஊதாப் பூப் பூக்கும் காட்டுப் பட்டாணி நிற்கிற இடத்தில் மட்டும் மண் அசையாததைப் பார்த்துவிட்டு, அவர் விதை பொறுக்கி வந்தார். விதைத் தோலோ இரும்பு, தேய்க்காமல் முளைக்காது. புருஷனும் பெண்சாதியும் ஆளுக்கொரு உப்புத்தாளோடு உட்கார்ந்து, பிரார்த்தனை சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாகத் தேய்த்தார்கள். பிரார்த்தனையில் பாதி விதைக்குத்தான் போயிற்று.

சரிவில் விதைத்து ஐந்தே வருஷம். குளிரில் செத்த மாதிரி கருகும் செடி, வெயில் வந்ததும் அதே வேரிலிருந்து எழுந்துவிடும். வேரில் குருணை குருணையாக முடிச்சுகள். காற்றிலிருந்தே உரம் பிடித்து அவை மண்ணுக்குக் கொடுத்ததில் சரிவுக்குப் புல் வந்தது, தேனீ வந்தது, முயலும் வந்தது. கல் மட்டும் வருவதை விட்டுவிட்டது.

அப்போதுதான் மேற்பார்வையாளர் உத்தரவு போட்டார். சரிவுக்கு சிமெண்ட் பூசப் போகிறார்களாம், களை அத்தனையும் இன்றைக்கே பிடுங்க வேண்டுமாம். சிமெண்ட் எப்போது வரும் என்று கேட்டதற்கு, மழைக்காலம் கழித்து என்றார். அதற்குள் தன் அடுப்படி மண்ணுக்குள் போய்விடுமே என்று பட்டாணிக்காரர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். காதிலேயே வாங்கவில்லை.

சொன்ன வேலையைத் தட்டிப் பழக்கமில்லாத மனிதர். மண்வெட்டியோடு ஏறினார். மத்தியானம் மேற்பார்வையாளர் வந்து பார்த்தார்.

"காலையிலேர்ந்து ஒரே ஒரு செடியா?"

"பாதிதான் சார். மீதி இன்னும் உள்ள போயிட்டே இருக்கு."

சோம்பேறி என்று திட்டிவிட்டு, மேற்பார்வையாளர் தானே ஏறி ஒரு செடியை இரண்டு கையாலும் இழுத்தார். இலை மட்டும் கையோடு வந்தது. அவர் உட்கார்ந்தபடியே கீழே போனார். கால்சட்டை பின்பக்கம் கிழிய, வழியில் அகப்பட்ட இன்னொரு செடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு தொங்கினார்.

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தாள். "இந்த வருஷம் கல்லு கொஞ்சம் பெருசா இருக்கே."

பட்டாணிக்காரர் குத்திக் காட்டுகிறவர் அல்ல. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்: "சார், நீங்க பிடிச்சிருக்கிறதையும் பிடுங்கணுமா?"

"அதத் தொட்டே, அப்புறம் பாரு."

கயிறு தேடி, கட்டி, அவரை இறக்க அரைமணி நேரம். செடி இம்மிகூட நகரவில்லை.

அடுப்படியில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார் மேற்பார்வையாளர். மனைவி கால்சட்டையைத் தைத்துக்கொண்டிருக்க, அவர் அறிக்கை எழுதினார். செடிகள் மண்ணைப் பிடிக்கும் திறன் நேரில் சோதிக்கப்பட்டது, ஆகவே பிடுங்கும் வேலை நிறுத்தப்பட்டது என்று எழுதி, சோதித்த எடை எண்பது கிலோ என்று முடித்தார்.

பட்டாணிக்காரர் மெல்லத் தொண்டையைச் செருமினார். "செடிக்குச் சேர வேண்டியதக் குறைக்காதீங்க சார்."

மேற்பார்வையாளர் எண்பதை அடித்துவிட்டு, தொண்ணூற்றெட்டு என்று எழுதினார்.