வைக்கத்துச் சந்தனம்

பல்லடத்தில் அடுத்தவர் தறியைக் கூலிக்கு ஓட்டிக்கொண்டிருந்த சென்னியப்பன், எண்பதுகளின் நடுவில் திருப்பூர் ராயபுரத்துக்கு வந்து ஒரு சாயப்பட்டறை போட்டார். பனியன் ஏற்றுமதி சூடு பிடித்த நேரம். துணியைச் சாயத்தில் முக்கி எடுக்கத் தெரிந்தவனெல்லாம் முதலாளி ஆனான், இவரும் ஆனார். ஆனதெல்லாம் தன் மூளையால் என்று நம்பினார். நான் அவருக்கு வேன் ஓட்டினேன். எனக்கு அந்த மனிதரைப் பிடிக்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மூளை அவருடையதாகவே இருக்கட்டும், உழைப்பு வீரனுடையது. பொங்கலூர்ப் பக்கத்துக் காலனியிலிருந்து வந்தவன். எந்தக் கலர் ஆர்டரோ அந்தக் கலரில் முழங்கை வரை ஊறிக் கிடப்பான். பட்டறையை ஒட்டியே முதலாளி வீடு. மற்ற ஆட்கள் தண்ணீர் கேட்டால் டம்ளரில் வரும். வீரன் கேட்டால் சென்னியப்பனே சொம்போடு வாசலுக்கு வந்து உயரத் தூக்கி ஊற்றுவார். அவன் குனிந்து, கைகளைக் குவித்துக் குடிக்க வேண்டும். சொம்பு மட்டும் கையில் பட்டுவிடக் கூடாது.

வீரனுக்கு அந்த வீட்டில் வேண்டியிருந்தது ஒன்றுதான். நிமிர்ந்து நின்று ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். ஒருமுறை வாய்விட்டும் கேட்டான். தனியாக ஒரு டம்ளர் வைத்தாலும் போதும் என்றான். இன்றைக்கு டம்ளர், நாளைக்குப் பந்தியா என்று சென்னியப்பன் சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருந்தது.

தொண்ணூற்றொன்றில், கலர் ஒட்டவில்லை என்று துணி லோடு லோடாகத் திரும்பி வந்தது. சோதிடர் வைக்கத்து மகாதேவரைக் கும்பிட்டு வரச் சொன்னார். பாத்திரம் பண்டங்களைச் சுமக்க வீரனையும் சென்னியப்பன் வேனில் ஏற்றினார். அரிசி மூட்டையை வீரன் தூக்கலாம், வெந்த சோற்றைத் தொடக் கூடாது. இந்தச் சட்டம் பாலக்காடு தாண்டியும் செல்லும்.

வைக்கம் காயல் கரையில் இருக்கிற ஊர். படகுத்துறையிலிருந்து நடக்கிற தூரத்தில் கோயில். ஒரு காலத்தில் அந்தக் கோயிலைச் சுற்றிய தெருவில் வீரன் மாதிரி ஆட்கள் நடக்கவே விடமாட்டார்கள். அதை எதிர்த்து ஈரோட்டுக்காரர் ஒருவர் அங்கே போய் ஜெயிலில் இருந்தார். எங்கள் பக்கத்தில் இது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். சென்னியப்பனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் டீசல் தண்டம் என்று பாதியிலேயே திரும்பியிருப்பார்.

வீரனை வண்டிக்குக் காவலாக இருக்கச் சொல்லிவிட்டு முன்னால் போனார். நான் வண்டியைப் பூட்டி, வீரனையும் கூட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன். அங்கே ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும், பனியனையும் கழற்ற வேண்டும். சென்னியப்பன் தொப்பைமேல் தங்கச் செயின் புரள வரிசையில் நின்றார். செயினைப் பார்த்ததும் பூசாரி தனி மரியாதை செய்வான் என்று நினைத்திருக்க வேண்டும்.

பூசாரி மீசை முளைத்துக்கொண்டிருந்த இளவட்டம். ஏறிட்டும் பார்க்கவில்லை. சென்னியப்பன் தட்சிணையை நீட்டினார், படியில் வைக்கும்படி கண்ணைக் காட்டினான். பிறகு இலைத் துண்டில் சந்தனத்தையும் பூவையும் வைத்து, விரல் படாமல் மேலேயிருந்து அவர் கையில் போட்டான். பழக்கமில்லாத கை. பாதிச் சந்தனம் தரையில் விழுந்தது. அடுத்து வீரனுக்கும் அதே உயரத்திலிருந்துதான் விழுந்தது. அவன் கையிலிருந்து ஒரு பூ சிந்தவில்லை.

திரும்பும் வழியெல்லாம் சென்னியப்பன் குமுறிக்கொண்டே வந்தார். அந்த ஊர்க் கோயில்களில் எல்லாருக்கும் அப்படித்தான் கொடுப்பார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். எல்லாரும் தானும் ஒன்றா என்று என்மேல் பாய்ந்தார்.

மறுநாள் ராயபுரம் வந்து சேர்ந்து சாமான்களை இறக்கிவிட்டு, வீரன் தண்ணீர் கேட்டான். சொம்போடு வந்தார். அவன் குனிந்து கை குவித்தான். சொம்பை உயரத் தூக்கியவருக்கு மறுபடியும் ஆற்றாமை பொங்கியது.

"எம்பட கையில அவன் வெரல் பட்டா என்னடா ஆயிப்போகும், வீரா? நாயிக்குப் போடறாப்பல மேலேருந்து போடறான். நானென்ன மனுசனில்லியா?"

கேட்டுக்கொண்டே ஊற்றினார். வீரன் குவித்த கைகளைப் பிரித்தான். தண்ணீர் அத்தனையும் சென்னியப்பன் காலில் விழுந்தது.

"எனக்கும் அப்படித்தானுங்க சாமி இருக்கும்" என்றான். நிமிர்ந்து, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான்.

அடுத்த வாரமே வேறு பட்டறையில் சேர்ந்துவிட்டான். அங்கே பானைமேல் ஒரே ஒரு அலுமினிய டம்ளர் இருந்தது. முதலாளி உட்பட எல்லாருக்கும் அதுதான்.

சென்னியப்பன் ஆள் கிடைத்தால் போதும், வைக்கத்துக் கதையை ஆரம்பித்துவிடுவார். அந்தப் பூசாரிப் பையனுக்கு மனுசனை மதிக்கத் தெரியவில்லை என்பார், கண் கலங்கிவிடும். கதை முடிந்ததும் என் பக்கம் திரும்பி ஒரு சந்தேகமும் கேட்பார்.

"ஆமா, அந்த வீரன் எதுக்கப்பா திடீர்னு வேலைய உட்டுட்டுப் போனான்?"