நடுக்கடல் தம்பிக்கு

லிப்ட் மெக்கானிக்கின் கையில் கிரீஸ் இல்லாமல் பார்த்தவர்கள் குறைவு. கல்யாணப் போட்டோவிலேயே நகக்கண் கருப்பாகத்தான் இருக்கும். ஆனால் வீட்டில் ஒரே ஒரு பொருளைத் தொடுமுன் மட்டும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, துண்டால் ஒற்றி, மோந்தும் பார்த்துக்கொள்வார். அது பாதி ஆல்பம்.

பாதிதான். எழுபதுகளில் ஒரு வெள்ளைக்கார ராக் குழு போட்ட இரட்டை இசைத்தட்டு. நாலு பக்கமும் சேர்ந்து ஒரே கதை. கலங்கரை விளக்கக் காவலாளி ஒருவன் விளக்கை அணைத்துவிட்டுப் படகேறிப் போகிறான், கடலில் அலைக்கழிகிறான், கடைசியில் கரை சேர்கிறான். ஆர்கன் அழும், புல்லாங்குழல் சமாதானம் சொல்லும், டிரம்ஸ் எந்தக் கணக்கிலும் அடங்காது. "பாட்டா இது? ஏழரையைக் கூட்டுற சத்தம்" என்பது அவர் மனைவியின் தீர்ப்பு. அண்ணனும் தம்பியான இவரும் கையிலிருந்ததைச் சேர்த்துப் போட்டு வாங்கி, ஒரே பாயில் படுத்துக் கேட்டு வளர்ந்த தட்டு அது.

சண்டை ஒரு வாக்கியத்தில் வந்தது. இன்சூரன்ஸ் ஆபீசில் குமாஸ்தாவாகிவிட்ட அண்ணன், ஒருநாள் சம்பந்தி வீட்டார் நிறைந்திருந்த கூடத்தில் சொன்னார்: "டேய், கிரீஸ் கையோட என் தட்டைத் தொடாதே." 'நம்ம தட்டு' எப்போது 'என் தட்டு' ஆனது என்று தம்பி கேட்கவில்லை. எழுந்து போய்விட்டார். நல்ல மாட்டுக்கு ஒரு சூடு என்பார்களே, அந்த ஜாதி.

அப்பா போனதும் பாகப்பிரிவினை. மாடி அண்ணனுக்கு, கீழ்வீடு தம்பிக்கு. உள்படி அடைக்கப்பட்டு வெளியே புதுப்படி முளைத்தது. பஞ்சாயத்துக்கு வந்த தாய்மாமா ஆல்பத்தையும் விடவில்லை. "ஒண்ணாவது தட்டு பெரியவனுக்கு, ரெண்டாவது சின்னவனுக்கு" என்று அட்டையை மடிப்போடு கத்தரித்தும் கொடுத்துவிட்டார்.

அங்கேதான் கோளாறு. அந்தக் காலத்தில் தட்டுகளை அடுக்கி வைத்தால் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து தானே பாடும் பிளேயர்கள் இருந்தன. அதற்குத் தோதாக, முதல் தட்டில் ஒன்றாம் பக்கத்துக்குப் பின்னால் நான்காம் பக்கம் இருக்கும். இரண்டும் மூன்றும் மற்றத் தட்டில். ஆக, கிளம்புவதும் கரை சேர்வதும் அண்ணனுக்கு, நடுக்கடல் முழுவதும் தம்பிக்கு. மாமாவுக்கு இது தெரியாது. சகோதரர்கள் இருவருக்கும் தெரியும். வாயைத் திறந்தால் பேசியதாகிவிடுமே என்று இருவரும் பிடித்துவைத்த பிள்ளையாராக உட்கார்ந்திருந்தார்கள்.

அன்றிலிருந்து மெக்கானிக் புயலை மட்டுமே கேட்டார். மேலே அண்ணன் ஒன்றாம் பக்கம் போட்டு, உடனே திருப்பி நான்காவதைப் போடுவது கூரை வழியாகக் கசியும். "கடல்ல கால் வைக்காமலே கரை சேர்றான் பாரு" என்று பல்லைக் கடிப்பார். இருந்தாலும் அது ஒலிக்காத வாரங்களில் அவருக்குச் சோறு இறங்காது. மனைவிக்கு அது தெரியும்.

இப்போது அண்ணன் மகளோடு இருக்கப் போகிறார், வேறு நாட்டுக்கு. மாடியை விற்றாகிவிட்டது. சாமான் வண்டி காலையில் வருகிறது. மெக்கானிக் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போது மேலே ஒன்றாம் பக்கம் ஆரம்பித்தது. வழக்கத்தைவிடச் சத்தமாக. அவர் செருப்போடு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பக்கம் முடிந்தது. நான்காம் பக்கம் வரவில்லை.

"என்னங்க, மேல கரண்ட் போயிடுச்சா?" என்றாள் மனைவி.

"இல்ல." அவர் கூரையைக் காட்டினார். "எனக்காக நிக்கிறான். சீக்கிரம், நீ போடு. என் கை கிரீஸ்."

"நானா?"

"ஓரத்தைப் பிடி. ரெண்டாம் பக்கம்."

வாழ்க்கையில் முதல்முறையாக அவள் அந்தத் தட்டைத் தொட்டாள். வால்யூமை அவளே முழுக்கத் திருகினாள். இரண்டாம் பக்கம் முடிய, மூன்றாவதையும் அவளே திருப்பிப் போட்டாள். அவர் எழுந்து கை கழுவக்கூடப் போகவில்லை. மேலே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அதன் பிறகு ஆள் அசையவில்லை.

புயல் ஓய்ந்தது. ஊசி எழுந்தது. இனி மாடியின் முறை.

மாடி பேசவில்லை. மெக்கானிக் கூரையையே பார்த்தார். தன்னிடம் இல்லாத அந்தக் கரை இன்றும் வராமல் போனால், இனி எப்போதுமே இல்லை. "போடுடா அண்ணா" என்று வாய்விட்டே சொன்னார். கண் கலங்கிவிட்டது; மனைவி பார்க்கிறாளே என்ற வெட்கம்கூட இல்லை.

வெளிப்படியில் காலடி கேட்டது. வாசலில் அண்ணன், கையில் தட்டும் பாதி அட்டையும்.

"உள்ள வாங்க" என்றாள் மனைவி.

"மேல ஊசி சரியில்லடா" என்றார் அண்ணன், தரையைப் பார்த்து. "அதான்..."

"இப்பத்தானே நல்லா..." என்று ஆரம்பித்த மனைவியைக் கண்ணாலேயே அடக்கினார் மெக்கானிக்.

அண்ணன் தட்டை நீட்டினார். மெக்கானிக் சட்டென்று இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"இரு, கையைக் கழுவிட்டு வந்துடறேன்."

"வேணாம்டா" என்றார் அண்ணன். "அப்படியே பிடி."

பிடித்தார். நடுவிலிருந்த வெள்ளைக் காகிதத்தில், நாலு என்ற எண்ணுக்குப் பக்கத்தில், கட்டைவிரல் கருப்பாகப் பதிந்தது. அண்ணன் அதைப் பார்த்தார். துடைக்கவில்லை.