வாசலில் நுழையாத அண்டா

போன வெள்ளிக்கிழமை காலையில் என் அக்கா நல்லம்பள்ளியிலிருந்து வந்து எங்கள் வீட்டு வாசலில் நின்றாள். கையில் ஒரு துணி மூட்டை. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் மனைவியிடம், "உன் வூட்டுக்காரரு சௌக்கியமா, நாகம்மா?" என்று கேட்டாள்.

அவள் இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி நான். கைக்கெட்டும் தூரத்தில் கல்லுப்பிள்ளையார் மாதிரி நின்றுகொண்டிருக்கிறேன். என் சௌக்கியத்தை என் மனைவியிடம் விசாரிக்கிறாள் என்றால் விஷயம் எவ்வளவு முற்றியிருக்க வேண்டும்?

காரணம் ஓர் அண்டா. கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன்... பொறுமையாகக் கேளுங்கள்.

தர்மபுரியில் நாங்கள் வாடகைக்கு இருந்தது பெரிய வீடு. தாலுகா கச்சேரியில் உத்தியோகம் பார்த்த காலம் பூராவும் அதில்தான் கழிந்தது. பென்ஷன் வாங்க ஆரம்பித்த பிறகும் அதிலேயே இருந்திருப்போம். ஆனால் வீட்டுச் சொந்தக்காரரின் மகன் ரங்கூனில் கடை வைத்திருந்தார். யுத்தம் ரங்கூனுக்கு வந்ததும் பெண்டாட்டி பிள்ளைகளோடு நடந்தே கிளம்பி, எங்கெங்கோ தங்கி, ஒருவழியாக ஊர் வந்து சேர்ந்தார். அவருக்குத் தங்க இடம் வேண்டாமா? வீட்டை ஒழித்துக் கொடுத்தால் புண்ணியமாகப் போகும் என்றார் சொந்தக்காரர். மறுக்க வாய் வருமா?

கடைவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் வேறு வீடு கிடைத்தது. இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு. பெண்ணைப் பெங்களூரில் கட்டிக் கொடுத்தாயிற்று. மிச்சம் நாங்கள் இரண்டு பேர். தாராளமாகப் போதும் என்றேன். நாகம்மாள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அண்ணி வந்தா எங்கங்க படுப்பாங்க?"

அண்ணி என்றால் என் அக்கா ரங்கம்மாள். பிள்ளை குட்டி இல்லை. அத்தான் காலமான பிறகு அவருடைய தம்பி வீட்டில் இருக்கிறாள். இருக்கிறாள் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். அந்த வீட்டுக்குப் புது மருமகள் வந்ததிலிருந்து அக்காவின் கட்டில் அறையை விட்டுத் தாழ்வாரத்துக்கு வந்து, இப்போது மாட்டுக் கொட்டகைப் பக்கம் நகர்ந்துவிட்டதாகச் சந்தைக்கு வந்த ஒருத்தி நாகம்மாளிடம் சொல்லியிருக்கிறாள். அக்கா தன் வாயால் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

வந்தால் இரண்டு நாள் இருக்கப் போகிறாள், அதற்காக யாராவது ஓர் அறையை வாடகைக்கு எடுப்பார்களா என்று நான் பதில் சொன்னேன். எப்பேர்ப்பட்ட விவேகம் பாருங்கள். வீடு மாறும்போது மனிதனுக்கு இந்த மாதிரி விவேகமெல்லாம் எங்கிருந்தோ வந்துவிடுகிறது.

சரி, சின்ன வீட்டுக்குப் போகிறோம், சாமானைக் குறைக்க வேண்டும் என்று முடிவு செய்தோம். முடிவு செய்வதில் எங்களுக்கு நிகர் கிடையாது. எல்லாவற்றையும் கூடத்தில் எடுத்துப் பரப்பினோம்.

இரண்டு பேர் குடியிருந்த வீடா அது? மூடி இல்லாத பாத்திரங்கள் ஒரு பக்கம். பாத்திரம் இல்லாத மூடிகள் ஒரு பக்கம் — ஒன்றுக்கொன்று பொருந்துமே என்று நினைக்காதீர்கள், போட்டுப் பார்த்தாயிற்று. கம்பி மட்டும் மிஞ்சிய குடைகள். மண்ணெண்ணெயே கண்ணில் படாத இந்தக் காலத்தில் மண்ணெண்ணெய் டின்கள். என்றைக்கோ நின்றுபோன சுவர்க் கடிகாரம் ஒன்று. பழுது பார்த்தால் ஓடுமாம். பழுது பார்த்தால் நானும்கூட ஓடுவேன்!

எதைக் கையில் எடுத்தாலும் நாகம்மாளிடம் ஒரே பதில் — "இருக்கட்டுங்க, ஒதவும்." எப்போது, யாருக்கு என்று கேட்கக்கூடாது. நான் மட்டும் யோக்கியமா? பழைய காலண்டர்கள் அத்தனையும் என்னுடையவை. ஒவ்வொன்றிலும் சுவாமி படம். போன வருஷத்தை எறிந்துவிடலாம், முருகனை எப்படி எறிவது?

பித்தளைப் பாத்திரங்களிடம் வந்தபோது வேலை அடியோடு நின்றது. நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியாததல்ல. கல்யாணமோ காதுகுத்தோ, யார் எந்தப் பாத்திரம் கொடுத்தாலும் அதன் கழுத்தில் தங்கள் பெயரை வெட்டித்தான் கொடுப்பார்கள். புள்ளி புள்ளியாக உளியால் வெட்டிய எழுத்து. புளி போட்டுத் தேய்த்தாலும் போகாது.

இதில் ஒரு சட்டம் உண்டு. பெயருக்கு உரியவர் உயிரோடு இருந்தால் பாத்திரத்தை விற்கக்கூடாது, கோபித்துக்கொள்வார். காலமாகிவிட்டால் விற்கவே கூடாது, ஞாபகார்த்தம். ஆக, பிறக்காதவர்கள் கொடுத்த பாத்திரங்களை மட்டும் நாம் தாராளமாக விற்றுக்கொள்ளலாம். யுத்தத்தினால் பித்தளைக்கு ஏக கிராக்கி, வியாபாரிகள் தெருத் தெருவாகச் சுற்றுகிறார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவன் வெறும் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் போனான்.

கடைசியில் நாலு மாட்டு வண்டி கட்டினோம். வண்டி ஏற்றும்போது ரங்கூன்காரர், இடுப்பில் குழந்தையோடு ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தையை இறக்கிவிட்டு ஒரு கை பிடிக்கவும் வந்தார். அவரிடம் என்ன பேசுவது என்று தெரியாமல், நீங்கள் அங்கிருந்து எதெல்லாம் எடுத்து வந்தீர்கள் என்று கேட்டுத் தொலைத்தேன். எனக்கு எப்போதுமே சமயம் தெரிந்து பேச வராது.

"நெறைய எடுத்தோமுங்க," என்றார். "வழியில ஒண்ணொண்ணாப் போட்டுட்டு வந்தோம். கொழந்தைங்கள மட்டும் போடல."

அவர் காடும் மலையும் கடந்து வந்தவர். எனக்கு நாலு தெரு கடக்க நாலு வண்டி. அவர் முகத்தைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் வண்டியிலிருந்து ஒரு மூடியைக்கூட நான் இறக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

புது வீட்டில் எல்லாம் உள்ளே போயிற்று, அண்டாவைத் தவிர. என் கல்யாணத்துக்கு அக்கா செய்த சீர் அது. கழுத்தில் ரங்கம்மாள் என்று பெரிதாக வெட்டியிருக்கும். ஒரு கன்றுக்குட்டியை உள்ளே நிறுத்திக் குளிப்பாட்டலாம். என் பெண்ணின் கல்யாணத்துக்கு ஒரே ஒரு முறை அதில் சோறு வடித்தோம். மற்ற நாட்களிலெல்லாம் அதற்குள்ளே மற்றப் பாத்திரங்கள் குடியிருந்தன.

நேராகத் தள்ளினோம். சாய்த்தோம். கவிழ்த்தோம். அக்கம் பக்கத்தார் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். வாசல் நிலையைப் பெயர்த்துவிட்டு நுழைக்கலாம் என்றான் வண்டிக்காரன், ஏதோ வீடே அவனுடையது போல. அண்டா சந்திலேயே நின்றது. இரண்டொரு நாளில் தெரு நாய் ஒன்று அதில் குடியேறிவிட்டது.

அப்போதுதான் எனக்கு அந்த அபாரமான யோசனை உதித்தது. விற்றால்தானே கோபம்? சாமிக்குக் கொடுத்தால் யார் என்ன கேட்க முடியும்? மாசி மாதம் தீர்த்தமலைக்குக் கூட்டம் வரும், அடிவாரத்துச் சத்திரம் ஒன்றில் சோறு போடுகிறார்கள். அண்டாவும் ஒழியும், புண்ணியமும் சேரும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

பெட்ரோல் தட்டுப்பாட்டினால் கரியில் ஓடும் பஸ்ஸின் கூரைமேல் அண்டாவை ஏற்றிக் கட்டி, ஏற்றம் வந்தபோதெல்லாம் இறங்கி நடந்து, ஒருவழியாகக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். சத்திரத்துக்காரர் அண்டாவைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இருந்த பெரிய பாத்திரம் அப்போதுதான் ஓட்டையாயிருந்ததாம். என் பெயரை வெட்ட வேண்டும் என்றார். ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறதே என்றேன். கொண்டுவந்தவர் பெயர் இல்லாவிட்டால் நாளைக்கு யாராவது திருட்டுப் பாத்திரம் என்று சொல்வார்கள், உபயம் என்று போட்டே ஆக வேண்டும் என்றார்.

நான் ரொம்பவும் மறுக்கவில்லை. தீர்த்தமலையில் நம் பெயர்... கசக்குமா? அக்காவின் பெயருக்கு அடியில் 'உபயம்' என்று போட்டு, என் பெயரையும் கச்சேரி உத்தியோகத்தையும் வெட்டச் சொல்லிவிட்டு, நிம்மதியாக ஊர் திரும்பினேன். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்கிறீர்களா? அந்த விவேகம் மட்டும் வரவில்லை.

அக்கா வருஷம் தவறாமல் மாசியில் தீர்த்தமலைக்குப் போகிறவள்.

இனி வெள்ளிக்கிழமைக்கு வருவோம். வாசலில் நின்றபடியே அவள் நாகம்மாளிடம்தான் எல்லாவற்றையும் சொன்னாள். நல்லம்பள்ளிப் பெண்களோடு மலை ஏறி இறங்கிச் சத்திரத்தில் சாப்பிட உட்கார்ந்திருக்கிறாள். சோற்று அண்டாவைத் தூக்கிவந்து எதிரில் வைத்திருக்கிறார்கள். கூட வந்த ஒருத்தி அதன் கழுத்தைப் பார்த்துவிட்டு, ஏங்க்கா, இது உங்க தம்பி வூட்டு அண்டா இல்லீங்களா என்று கேட்டிருக்கிறாள். அக்காவுக்கு அதற்குமேல் சோறு இறங்கவில்லை.

"அங்க என்னய யாராச்சும் ஒரு வார்த்த சொன்னா, என் தம்பி வூட்ல என் பேரு போட்ட அண்டா இருக்குது, நான் அங்க போயிக்கறேன்னு சொல்லுவேன் நாகம்மா. கட்டில வெளிய போட்டப்பக்கூட அப்பிடித்தான் சொன்னேன். அவங்களும் பேசாம இருந்துக்குவாங்க. இப்ப எல்லாரும் பாத்துட்டாளுங்க. இனி என்னன்னு சொல்றது?"

நான் எடைக்கும் அகலத்துக்கும் கணக்குப் பார்த்த பாத்திரம், இத்தனை வருஷமாக அவளுக்குப் பட்டா மாதிரி இருந்திருக்கிறது. கச்சேரியில் ஊரார் பட்டாக்களையெல்லாம் கட்டிக் காத்தவன் நான். சொந்த அக்காவினுடையதைப் பஸ் கூரையில் ஏற்றி அனுப்பிவிட்டேன்.

உடனே காலில் விழுந்திருக்க வேண்டும் அல்லவா? ஆண்பிள்ளை எங்கே அதைச் செய்கிறான்? விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். வாசல் குறுகல் என்றேன். சாய்த்துப் பார்த்ததையும் கவிழ்த்துப் பார்த்ததையும் சொன்னேன். நிலையின் இரண்டு பக்கமும் கையை நீட்டி வைத்து, இவ்வளவுதான் அகலம், நீயே பார் என்று காட்டினேன்.

அக்கா அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்டா போகாது, செரி. ஆளு போற அகலம் இருக்குதில்ல?"

நாகம்மாள் என் கைக்கு அடியில் குனிந்து வெளியே வந்து, அக்காவின் மூட்டையை வாங்கிக்கொண்டு, "வாங்க அண்ணி" என்றாள். வாசலை அடைத்துக்கொண்டு நின்றவன் நான் ஒருவன்தான். விலகி வழிவிட்டேன்.

மூட்டையில் இரண்டு புடவையும் ஒரு திருநீற்றுப் பையும் இருந்தன. அவ்வளவுதான். மற்றச் சாமானெல்லாம் எங்கே என்று கேட்டாள் நாகம்மாள். அவர்களுக்கு உதவட்டும் என்று அங்கேயே விட்டுவிட்டு வந்தாளாம். நாலு வண்டிக்காரனான நான் மெதுவாகக் கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.

அன்று மத்தியானம் எங்கள் வீட்டில் நடந்ததை நீங்கள் நேரில் பார்த்திருக்க வேண்டும். ஒரு மூடியைத் தூக்கி எறிய மாதக் கணக்கில் யோசித்த அதே நாகம்மாள், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். குடைக் கம்பிகள் போயின. டின்கள் போயின. ஓடப் போகிற கடிகாரம் போயிற்று. செத்தவர்கள் பெயரும் இருக்கிறவர்கள் பெயரும் ஒன்றாகக் கலந்து பித்தளை வியாபாரியின் சாக்குக்குள் இறங்கின. ஞாபகார்த்தம் என்று நான் முனகியது யார் காதிலும் விழவில்லை. என் முருகன்கள் மொத்தமாகப் பக்கத்துப் பஜனை மடத்துக்குக் குடிபோனார்கள்.

எதற்காக என்று தெரியாமல் ஒரு கரண்டியைக்கூட நம்மால் விட முடிவதில்லை. ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்க வேண்டும் என்று வந்துவிட்டால், பாதி வீடு தானாக வெளியே போகிறது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு பென்ஷன் வயது ஆயிற்று.

அப்படியும் ஜன்னல் ஓரத்தில் ஒரு பாய் விரிக்க இடம் பற்றவில்லை. நாகம்மாள் சுற்றும் முற்றும் பார்த்தாள். பிறகு என் சாய்வு நாற்காலியைப் பார்த்தாள். அதை நான் சொல்ல வேண்டுமா? சந்து முனை நாவிதர் கடையில் அது இப்போது எல்லாருக்கும் உபயோகப்படுகிறது.

ஆகவே இந்த வாரப் பத்தியைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணிப் போயிருந்தால் அச்சுக் கோப்பவர் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாற்காலி இருந்த இடத்தில் அக்கா உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்தபடி, என்னிடம் நல்லம்பள்ளிக் கதைகளைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். காலையில் ஆரம்பித்தது, இன்னும் முடியவில்லை.

நாற்காலி இவ்வளவு பேசியதில்லை.