அடுத்தவர் மோல்டு

"இந்த மஞ்சள் பெயின்ட் எதுக்கு?" என்று சர்வேயர் கேட்ட நொடியில்தான் எனக்குப் பொறி தட்டியது. பாலிசி எழுதும் முன் ஷெட்டுக்குள் வந்து இதை யாராவது கேட்டிருக்க வேண்டும்!

சர்வேயர், இழப்பைக் கணக்கிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய ஆள். நான், பாலிசியை எடுத்துக் கொடுத்த இன்சூரன்ஸ் புரோக்கர் அலுவலகத்திலிருந்து வந்தவள். ஒரகடத்தின் உட்புறச் சாலையில் இருக்கும் அந்த ஷெட்டில் சேறு இன்னும் முழுதாகக் காயவில்லை. பக்கத்து மனையில் மண் கொட்டி மேடாக்கிவிட்டதால் போன வார மழை மொத்தமும் இங்கே இறங்கியிருந்தது. தரையில் வரிசையாக வைத்திருந்த மோல்டுகள் எல்லாம் துருப்பிடித்துக் கிடந்தன. கார்களுக்கான பிளாஸ்டிக் பாகங்களை வார்க்கும் எஃகு அச்சுகள் அவை.

ஷெட் முதலாளி, குன்றத்தூர்க்காரர், பெருமையாகவே பதில் சொன்னார்.

"மஞ்சள் ஒரு கம்பெனி, நீலம் இன்னொரு கம்பெனி சார். அவங்கவங்க மோல்டு அவங்கவங்க கலர்ல இருந்தாத்தான் மாறாது."

"உங்களோடது எது?"

"எல்லாமே நம்மகிட்டதான் கீது சார். எண்ணெய் போட்டுத் தொடச்சி, புள்ள மாதிரி பாத்துக்கினு கீறேன்."

"பாத்துக்கறது வேற. சொந்தம் எது?"

பெயின்ட் பூசாமல் மூலையில் கிடந்த இரண்டைக் காட்டினார். சர்வேயர் அவற்றை நோக்கி நடந்தார். மற்றவற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை.

பாலிசியில் எழுதியிருப்பது சொந்தச் சொத்து மட்டும். பொறுப்பில் இருக்கும் அடுத்தவர் பொருளைத் தனியாகச் சொல்லிச் சேர்த்திருக்க வேண்டும். இந்த வட்டாரத்தில் ஜாப் ஒர்க், அதாவது கூலிக்கு வார்ப்பு வேலை, செய்யும் எந்தச் சின்ன ஷெட்டுக்குப் போனாலும் பெரும்பாலான மோல்டுகள் ஆர்டர் கொடுக்கும் கம்பெனியுடையவை. கண்ணைக் குத்துகிற கலரில் நிற்கின்றன! உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்தால் போதும், கேட்கத் தோன்றும். எங்கள் புரோக்கர் அலுவலகத்திலிருந்து எவரும் எட்டிப் பார்க்கவில்லை. வருடா வருடம் போனிலேயே புதுப்பித்திருக்கிறார்கள். தண்டலம் பக்கம் மெக்கானிக்கல் படித்துவிட்டு, தொழிற்சாலை தெரிந்த ஆளுக்கு இந்த வேலையில் எவ்வளவோ செய்ய இருக்கிறது என்று ஆசையாக வந்து சேர்ந்தவள் நான். பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னாம்மா, ரெண்டுதான்னு சொல்லிட்டுப் போறாரு? இத்தினி வருசம் நான் கட்டுனது இந்த ரெண்டுக்கா?" என்றார் முதலாளி.

மோல்டுகள் கெட்டது தெரிந்தால் கம்பெனிகள் அவற்றைத் தூக்கிக்கொண்டு வேறு ஷெட்டுக்குப் போய்விடும். மோல்டோடு ஆர்டரும் போகும். அப்புறம் இந்த ஷெட்டுக்குப் பூட்டுதான்.

தரையைக் கழுவிக்கொண்டிருந்த ஆபரேட்டர் அக்கா, "அந்தாளு வர்றதுக்குள்ள அல்லாத்துக்கும் சாம்பல் கலர் அடிச்சி வுட்ருக்கலாம்ல, ஓனரு?" என்றார். முதலாளிகூடச் சிரித்துவிட்டார். என்னால் முடியவில்லை.

அலுவலகத்துக்கு வந்ததும் மேனேஜரிடம் கத்திவிட்டேன்.

"அவரு சொல்லல, நாம கேக்கல. இதுல என்ன தப்பு?"

"கேக்கறதுக்குத்தானே சார் நாம இருக்கோம்!"

"இன்ஜினீயர் மேடம், ஷெட் ஷெட்டா ஏறி எறங்கினா டீதான் குடிச்சிட்டிருக்கணும். அடுத்த ரெனியூவலைப் பாருங்க."

அடுத்ததையும் போனில்தான் முடிக்கச் சொல்கிறார். அங்கேயும் அடுத்தவர் மோல்டு நிற்கும். அங்கேயும் மழை பெய்யும். மனிதருக்குக் கூசவே இல்லை.

கோபம் தணியாமலே பழைய பாலிசிகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒன்று தோன்றியது. வெளி ஷெட்டுகளில் கொடுத்து வைத்திருக்கும் மோல்டுகளுக்குச் சில பெரிய கம்பெனிகள் தாங்களே பாலிசி எடுப்பதுண்டு. உடனே முதலாளிக்குப் போன் செய்து, கம்பெனிகளிடமே கேட்டுப் பார்க்கலாம் என்றேன்.

"வாணாம்மா. மெஷின் ரிப்பேர்னு சொல்லி வெச்சிகீறேன். தண்ணி பூந்தது தெரிஞ்சா தூக்கினு பூடுவானுங்க."

"மறைக்க மறைக்க துருதான்ணா ஏறும். எத்தினி நாளைக்கு மெஷின் ரிப்பேராவே இருக்கும்?"

"நீ பேசு. நான் பக்கத்துல நிக்கறேன்" என்றார்.

நாளைக் காலை, மஞ்சள் மோல்டுகளுக்குச் சொந்தமான கம்பெனியின் பர்ச்சேஸ் ஆளைப் பார்க்கிறோம். தண்ணீர் புகுந்ததை நானே சொல்லிவிட்டு, உங்கள் பாலிசி இந்த மோல்டுகளைத் தாங்குமா என்று கேட்கப் போகிறேன். தாங்காது என்றால், துருவை நீக்கிப் பாலிஷ் போட்டு ஒரு மோல்டையாவது ஓட்டிக் காட்டும்வரை எதையும் எடுத்துப் போகாதீர்கள் என்று கேட்பேன். மேனேஜரிடம் லீவு சொல்லவில்லை.